பால் வற்றியது ஊசியாலா?

மாதனூர் பக்கத்துச் சேரிகளில் பிள்ளை பெத்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இரண்டு வார்த்தை சொல்லுவாள். ஒன்று: "பால் குடுக்கற வரைக்கும் தங்காது." இன்னொன்று: "ஊசி போட்டா பாலு வத்திப் பூடும்." முதல் வார்த்தையை நம்பி அடுத்த பிள்ளையைச் சுமந்தவர்கள் உண்டு. இரண்டாவதை நம்பி ஊசிக்குப் போகாமல் அடுத்த பிள்ளையைச் சுமந்தவர்களும் உண்டு. படித்தவர்கள் இரண்டுக்கும் 'அறியாமை' என்று பேர் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை எங்களிடமிருந்து களவாண்டது யார் என்பதுதான் என் கேள்வி.

என் அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவர். நான் ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் அப்பர் தைத்தவள். இரண்டு பிள்ளை பெத்தவள். எங்கள் ஊர் 2019-இல் வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. பலகையில் பேர் மாறியது, கம்பெனி வண்டி வரும் நேரம் மாறவில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக எங்கள் ஜனம் தோலோடுதான் கிடக்கிறது. ஆம்பளை தோல் ஷாப்பில், பொம்பளை ஷூ கம்பெனியில். நாங்கள் தைக்கும் செருப்பு எந்தெந்த நாட்டுக்கோ போகிறது. தைக்கிறவளின் மாரில் பால் கட்டி, ஜாக்கெட் நனைந்து, மிஷினுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் கதை எந்தப் பெட்டியிலும் போவதில்லை.

முதல் வார்த்தைக்கு வருவோம். பால் கொடுக்கிற வரைக்கும் தங்காது என்று எங்கள் ஆயாக்கள் சொன்னது பொய்யில்லை. 1988-இல் இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் விஞ்ஞானிகள் கூடி இதையே ஒரு முறையாக ஒப்புக்கொண்டார்கள். மூன்று நிபந்தனை. பிள்ளைக்கு ஆறு மாசம் நிறைந்திருக்கக் கூடாது. தாய்க்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. தாய்ப்பாலே முழு ஆகாரமாக இருக்க வேண்டும். பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல், ராத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிள்ளை குடிக்காமல் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் நூற்றுக்கு 98 பேருக்குக் கரு தங்காது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, காசு இல்லை. பிள்ளை சப்புகிற சப்பலே மூளைக்குச் சேதி சொல்லி, முட்டை வருவதை நிறுத்தி வைக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். காலையில் ஏழு மணிக்கு கம்பெனி வண்டி. சாயங்காலம் வீடு வந்து சேர ஆறரை, ஓவர்டைம் இருந்தால் எட்டு. நடுவில் பதினோரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரம் பிள்ளை ஆயா மடியில் சர்க்கரைத் தண்ணி, எருமைப்பால், புட்டி. நாலு மணி நேர நிபந்தனை எங்கே போனது? மூன்றாம் மாசமே வேலைக்குத் திரும்பியவளுக்கு, 'பால் குடுக்கற வரைக்கும் தங்காது' என்ற சொல் பொய்யாகிப் போகிறது. சொன்ன ஆயா பொய் சொல்லவில்லை. அவள் காலத்தில் பிள்ளையை வரப்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, ஆண்டையின் ஏச்சுக்கு நடுவிலும் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். மிஷின் லைன் அந்தத் தூளியையும் பிடுங்கிக்கொண்டது. எங்கள் உடம்பில் இயற்கையாக இருந்த ஒரு கருத்தடையைக் கம்பெனியின் மணி உடைத்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் சர்க்கார் ஊசியோடு வருகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. 1961-ஆம் வருஷத்து மகப்பேறு சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று ஆனது. 50 பேர் வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம், பிள்ளைக்குப் பதினைந்து மாசம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு முறை தனி இடைவேளை தர வேண்டும். 2020-ஆம் வருஷத்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இருக்கின்றன. ஆனால் காண்ட்ராக்டில் இருக்கிறவள் யாரிடம் போய்க் கேட்பாள்? வயிறு தெரிந்ததும் "நீ நின்னுக்கோமா, அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லப்பட்டவள் எந்தச் சட்டத்தில் வருவாள்? வீட்டுக்கு மூட்டை கட்டிக் கொண்டுவந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் அப்பர் தைக்கிறாளே, அவளுக்கு முதலாளி யார் என்று அவளுக்கே தெரியாது. நான் இருந்த கம்பெனியில் காப்பகம் என்று ஒரு ரூம் இருந்தது. அதிகாரி வரும் அன்றைக்குத் தொட்டில் வரும். மற்ற நாளில் அட்டைப் பெட்டி இருக்கும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவது வார்த்தையைக் கேளுங்கள். "ஊசி போட்டா பாலு வத்திப் பூடும்." எந்த மருந்து பாலைக் கெடுக்கும், எது கெடுக்காது என்று எங்களுக்கு எவரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

தினம் போடுகிற மாலா-என் மாத்திரையில் இரண்டு ஹார்மோன் இருக்கிறது. அதில் ஒன்று ஈஸ்ட்ரோஜன். அது பாலைக் குறைக்கக்கூடியது. பிள்ளை பெத்த புதிதில் காலில் ரத்தம் உறையும் ஆபத்தையும் கூட்டும். ஆகவே பால் கொடுக்கிறவள் ஆறு வாரம் வரை அதைத் தொடவே கூடாது, ஆறு மாசம் வரை தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். எங்கள் பெண்களின் பயம் இங்கே நியாயமானது. ஆனால் மூன்று மாசத்துக்கு ஒரு தரம் போடும் ஊசி வேறு. 2017-இல் 'அந்தரா' என்ற பேரில் சர்க்கார் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த இந்த ஊசியில் இருப்பது மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன், 150 மில்லிகிராம். ஈஸ்ட்ரோஜன் கிடையாது. பிள்ளை பிறந்து ஆறு வாரம் கழித்துப் போட்டால் பால் அளவோ பிள்ளையின் வளர்ச்சியோ குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆறு வாரத்துக்கு முன்னால் மட்டும் பொறுக்கச் சொல்கிறார்கள். ஏனென்றால், நஞ்சு விழுந்ததும் தாயின் உடம்பில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் பால் சுரக்கச் சொல்லும் கட்டளை. அது இறங்கும் நேரத்தில் வெளியிலிருந்து ஏற்றுவானேன் என்பது ஒரு காரணம். பச்சைப்பிள்ளையின் ஈரலுக்கு மருந்தைக் கழிக்கும் பலம் இன்னும் வரவில்லை என்பது இன்னொன்று. வாரத்துக்கு ஒன்று போடும் 'சாயா' மாத்திரை இருக்கிறதே, அது ஹார்மோனே இல்லை. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, 1991-இலிருந்து 'சகேலி' என்ற பேரில் கடையில் விற்கிறது. முதல் மூன்று மாசம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கிறவளும் போடலாம்.

அப்படியானால் ஊசி போட்ட என் தெருப் பெண்களுக்குப் பால் வற்றியது பொய்யா? பொய்யில்லை. வற்றியது. எப்போது வற்றியது என்று பாருங்கள். மூன்றாம் மாசம் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அங்கேயே இவளுக்கும் ஊசி போடுகிறார்கள். அதே மாசம் கம்பெனிக்குத் திரும்புகிறாள். பிள்ளை வாய் வைத்தால்தான் பால் ஊறும். பதினோரு மணி நேரம் வாய் படாத மாரில் முதலில் கட்டும், காய்ச்சல் வரும், பாத்ரூமில் நின்று பீய்ச்சிக் கொட்டுவாள், பிறகு தானாக அடங்கும். பத்தே நாளில் பால் போய்விடும். அவள் ஊசி போட்ட தேதியை நினைவு வைத்திருக்கிறாள். வேலைக்குத் திரும்பிய தேதியைக் குற்றவாளியாக நினைக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழி ஊசிக்கு. கம்பெனி கை கழுவிக்கொண்டு நிற்கிறது.

இப்படிச் சொன்னதும் நம் தோழர்களில் சிலருக்குக் கோபம் வரும். "ஏகாதிபத்திய மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா? நம் ஜனத்தொகையைக் குறைக்கத்தானே ஊசி?" என்று ஒரு கூட்டத்தில் என்னையே கேட்டார்கள். அவர்களின் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். இந்த ஊசியின் வரலாறு நாறும் வரலாறு. அமெரிக்காவில் அட்லாண்டாவின் கிரேடி மருத்துவமனையில் 1967-இலிருந்து 1978 வரை ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலும் கறுப்பின ஏழைப் பெண்கள். அந்த நாட்டு மருந்துத் துறையே 1978-இல் இதைக் கருத்தடைக்கு மறுத்தது, 1992-இல்தான் அனுமதித்தது. நிறவெறித் தென்னாப்பிரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இதைத்தான் தாராளமாகப் போட்டார்கள். இஸ்ரேலுக்கு வந்த எத்தியோப்பிய யூதப் பெண்கள், தங்களுக்கு விளக்காமல் போடப்பட்டதை 2012-இல் தொலைக்காட்சியில் சொன்னார்கள். விளைவு தெரியாத பெண்ணுக்கு மறுபடி போடாதீர்கள் என்று 2013-இல் அந்த நாட்டுச் சுகாதாரத் துறை மருத்துவர்களுக்கு எழுத வேண்டி வந்தது.

நம் பக்கத்தில் நடந்ததும் உண்டு. 1985-இல் ஆந்திராவின் பட்டான்செருவு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்ற இன்னொரு ஊசியைச் சோதித்தார்கள். இது சோதனை என்றே வந்திருந்த பெண்களுக்குச் சொல்லவில்லை. ஸ்திரீ சக்தி சங்கட்டனா தோழியர் அங்கே போய் விஷயத்தை உடைத்தார்கள். 1986-இல் டெல்லி சகேலி அமைப்போடும் மற்றவர்களோடும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்தப் பெண்கள் சண்டை போட்டதால்தான் நாட்டில் எல்லாருக்கும் கண்மூடித்தனமாகப் போடுவது பல வருஷம் தள்ளிப்போனது. அந்தச் சண்டைக்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் தோழர், இந்த வரலாறு முழுக்க நடந்த அயோக்கியத்தனம் என்ன? சொல்லாமல் போட்டது. கேட்காமல் போட்டது. ஏழை என்றும் கறுப்பு என்றும் ஆள் பார்த்துப் போட்டது. அதற்குப் பதில், இனி கேட்டாலும் கொடுக்காதே என்பதா? நீங்கள் மேடையில் 'சதி' என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். ராத்திரி உங்கள் வீட்டில் மறுக்க முடியாமல் படுக்கிறவள் யார்? பத்து மாசக் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நாள் தள்ளிப்போனதும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தின்று ரத்தம் கொட்டுகிறவள் யார்? ஜாதியின் தலையெண்ணிக்கைக்கு என் கர்ப்பப்பையைக் கணக்கில் எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ஜனத்தைக் குறை என்பவனும் ஜனத்தைப் பெருக்கு என்பவனும் பேசுவது என் உடம்பை வைத்துத்தான். என்னிடம் அல்ல.

பாபாசாகேப் பேரைச் சொல்லாத கூட்டம் நம்மிடம் இல்லை. அவர் இதில் என்ன செய்தார் என்று எத்தனை பேர் படித்தோம்? 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில், ஆலைப் பெண்களுக்குப் பிரசவச் சலுகை தரும் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பெண்ணின் உழைப்பில் லாபம் எடுக்கிற முதலாளிக்கு அந்தச் செலவில் பொறுப்பு உண்டு என்றார். 1938 நவம்பர் 10-ஆம் தேதி அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் ரோகம், கருத்தடைக்கு ஆதரவாகச் சர்க்கார் வசதி செய்ய வேண்டும் என்று அதே பம்பாயில் தீர்மானம் கொண்டுவந்தார். அதற்கான உரை அம்பேத்கர் எழுதிக் கொடுத்தது. பிள்ளை வேண்டாம் என்று எந்தக் காரணத்துக்காகப் பெண் நினைத்தாலும் அவளால் தடுத்துக்கொள்ள முடிய வேண்டும், முடிவு முழுக்க அவளுடையது என்பது அந்த உரையின் சாரம். தீர்மானம் தோற்றது. இங்கே பெரியாரும் கர்ப்பத்தடையை நாட்டின் வறுமைக்காகக் கேட்கவில்லை, பெண்ணின் விடுதலைக்காகக் கேட்டார். லீவும் தொட்டிலும் ஒரு கையில், கருத்தடை மறு கையில். அம்பேத்கர் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டார். நாம் இரண்டையும் கைவிட்டுவிட்டுச் சிலைக்கு மாலை போடுகிறோம்.

இன்னொரு பக்கம் இருக்கிறவர்களையும் விடப்போவதில்லை. ஊசி பாலைக் கெடுக்காது என்று நான் எழுதியதை எடுத்துக்கொண்டு, "பார், அவங்க ஆளே சொல்லிட்டா" என்று டார்கெட் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நில்லுங்கள். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில், வலியோடு மேஜையில் கிடக்கும்போதே காப்பர்-டி வைத்துவிட்டார்கள். கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருந்ததை வீட்டில் என் தம்பி படித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் வாரமே ஊசி போட்டார்கள். "மூணு மாசத்துக்கு உனக்குக் கவலை இல்ல, போ" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த மொத்த விளக்கம். "இன்னா மருந்துமா இது?" என்று கேட்டவளுக்கு வந்த பதில்: "உங்க ஜனத்துக்கு மாத்திரை குடுத்தா ஞாபகம் வச்சிக்கவா போறீங்க?" மிஷினில் ஒரு நூல் பிசகாமல் நாளெல்லாம் தைக்கிறவளுக்கு மாத்திரை ஞாபகம் இருக்காதாம். ஊசி போடும் கையில் ஜாதி இல்லை என்று எவன் சொல்வது?

அவளுக்கு நாற்பது நாள் உதிரம் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஊசியில் ஆரம்பத்தில் அப்படி நடப்பது சகஜம், பிறகு பலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும், ஆபத்து இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். சொல்லாததால் சாமியாடியிடமும் போனாள், புற்றுநோய் என்று அழவும் செய்தாள். லைனில் உட்கார்ந்தவள் பாத்ரூம் போக நிமிஷக் கணக்கு. "இன்னா, அடிக்கடி போற?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கேட்பான். டாக்டருக்கு அது 'சிறு பக்க விளைவு'. சம்பளம் பிடிக்கப்படுகிறவளுக்கு, துணியில் கறை பட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவளுக்கு அது சிறிசா?

சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. ஊசியை நிறுத்தினாலும் மறுபடி கரு தங்க ஏழெட்டு மாசம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வருஷக்கணக்கில் போட்டால் எலும்பின் கனம் குறையும் என்று 2004-இல் அமெரிக்காவில் மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை எழுத வைத்தார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். நீண்ட காலம் போட்டவர்களுக்கு மூளையைச் சுற்றிய உறையில் கட்டி வரும் வாய்ப்பு, அபூர்வம்தான் என்றாலும் கூடுகிறது என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வு 2024-இல் காட்டியது. ஒரு தரம் போட்டுவிட்டால் மூன்று மாசத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது. இதையெல்லாம் கேட்டுவிட்டும் "எனக்கு இதான் சரி, மாமியாருக்கும் புருஷனுக்கும் தெரியாம போட்டுக்கலாம்" என்று ஒருத்தி சொல்வாள். சொல்கிறார்கள். அது அவள் முடிவு, அதை நான் மதிப்பேன். கேட்காமல் போட்டால் அது வேறு.

ஆம்பளையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண் ஆபரேஷனை நம்பியிருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, ஆயிரத்துக்கு ஒருவர். "ஆபரேஷன் பண்ணா தோல் கட்டு தூக்க முடியாது" என்று எங்கள் தெருவில் காரணம் சொல்வார்கள். வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டவள் மறு மாசம் தண்ணிக் குடம் தூக்குகிறாளே! எமர்ஜென்சியில் ஆண்களைப் பிடித்து அறுத்தார்கள், ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு சர்க்கார் பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களை அறுத்துத் தள்ளினார். பதின்மூன்று பெண்கள் செத்தார்கள். எந்த ஆட்சியும் கவிழவில்லை. இப்படி முகாம் போடுவதை நிறுத்தச் சொல்லி 2016-இல் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே நான் கேட்பது இது. ஊசிக்கு முன்னால் பேச்சு. அதுவும் எங்கள் பேச்சில், கதவைச் சாத்திக்கொண்டு, மாமியாரும் புருஷனும் இல்லாமல். பிரசவ மேஜையில் கிடக்கிறவளிடம் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை, மாசமாக இருக்கும்போதே கேளுங்கள். ஆறு வாரம் ஆகாதவளுக்கு இந்த ஊசி வேண்டாம். மருந்தின் பேரைத் தமிழில் எழுதி அவள் கையில் கொடுங்கள். உதிரம் பட்டால் யாரிடம் வருவது என்று சொல்லுங்கள், வந்தவளை ஏசாதீர்கள். தொழிற்சங்கத்தில் இருக்கும் அண்ணன்களே, போனஸுக்கு வாசலில் உட்காருகிற நீங்கள் தொட்டிலுக்கும் உட்காருங்கள். காண்ட்ராக்ட் பெண்ணுக்கும் வீட்டில் தைக்கிறவளுக்கும் 26 வாரம் என்று கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள், கடைசி வரியாக அல்ல, முதல் வரியாக. தலித் அமைப்புகளே, கோயிலையும் குளத்தையும் சுடுகாட்டையும் போல பிரசவ வார்டும் தீண்டாமை நடக்கிற இடம் என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் என் உரிமை, அடுத்த பிள்ளையை வேண்டாம் என்பதும் என் உரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பிடுங்க கம்பெனிக்காரனையோ சர்க்காரையோ சொந்த ஜாதிக்காரனையோ இனி விடுவதாக இல்லை.